மல்லிகா பார்த்த முகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் பூவம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். ஒரு நாள் இன்டர்வெல்லில் அலறல் கேட்டு ஓடினேன். ஒன்றாம் வகுப்புக் கவிதா ஊஞ்சலுக்குக் கீழே கிடந்தாள். இடது கை கோணலாக மடங்கியிருந்தது. ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி சிரித்த முகத்தோடு நின்றவள் என் வகுப்பு மல்லிகா.

மல்லிகாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பெஞ்சு விட்டுப் பெஞ்சு தாவுவாள். பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஆனால் அவள் யாரையும் கிள்ளிக்கூட நான் பார்த்ததில்லை.

"அது பயந்து கத்துது, நீ பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருந்தியா? மூஞ்சியப் பாக்கலையாடி?"

"பாத்தேன் டீச்சர். சிரிச்சுது. அதான் இன்னும் வேகமாத் தள்ளுனேன்."

அது பொய் சொல்லும் பிள்ளையின் குரல் அல்ல.

"நெஞ்சழுத்தக்காரி. டி.சி. குடுத்து அனுப்புங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த மல்லிகாவின் அம்மா, "எம்பொண்ணுக்கு எரக்கமே கெடையாதாங்க டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். ஹெட்மாஸ்டரிடம் சில நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, தாயையும் மகளையும் காரைக்காலுக்கு, பாண்டிச்சேரியிலிருந்து வந்துபோகும் மனநல டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

டாக்டர் பத்திரிகைப் படங்களைக் காட்டினார். பயத்தில் வாய் பிளந்திருந்த பெண்ணை, "சிரிக்கிறாங்க" என்றாள் மல்லிகா. அவள் அம்மா விம்மினாள். என் கண்ணும் கலங்கிவிட்டது. டாக்டர் என்னைக் காட்டினார்.

"டீச்சர் இப்ப எப்படி இருக்காங்க?"

"கோவமா. எப்பவும் அப்படித்தான் இருப்பாங்க."

தினமும் கோபக்காரி ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது இந்தப் பிள்ளை.

டாக்டர் சொன்னார்: "இவ ஹைப்பர்ஆக்டிவ் கொழந்தை. கவனம் ஓடிக்கிட்டே இருக்கு. இப்படிப்பட்ட சில பிள்ளைங்களுக்கு முகத்தப் பாத்து மனசு புரியாது. எரக்கம் இல்லன்னு அர்த்தமில்லம்மா. எதுவா இருந்தாலும் வாயால சொல்லுங்க."

டி.சி. கொடுக்காமல் அவளைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள ஹெட்மாஸ்டர் அரைமனதோடுதான் சம்மதித்தார். அதன்பின், "டீச்சருக்குக் கோவம் இல்ல, கவலை" என்று சொல்லிவிட்டுத்தான் அவளிடம் பேச ஆரம்பிப்பேன்.

மாவுக்கட்டுப் பிரித்துக் கவிதா பள்ளிக்கு வந்த அன்று மல்லிகா அவள் எதிரே போய் நின்றாள்.

"ஒனக்கு இப்ப வலிக்குதா, பயமா இருக்கா?"

"பயமா இருக்கு" என்றாள் கவிதா.

மல்லிகா உடனே பின்வாங்கி, அவளுக்கு வழிவிட்டு நின்றாள்.

'முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?' என்று அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் நான் கேட்டதில்லை.