பாட்டு அடங்கும் இடம்

நெரெய்தா பெர்தூஸின் அறை, பாரங்கியா நகரத்தில் அவள் தங்கையின் அழகு நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. முடி உலர்த்தும் மெஷின் ஓயும் நேரம் பார்த்துத்தான் வேலை நடக்கும். பதிவான பாட்டில் சத்தம் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று கடைசியாகச் சீர்செய்து வெளியே அனுப்புவது அவள் தொழில். காது பாம்புக்காது. பிடிவாதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கார்னிவல் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஓஸ்வால்தோ சண்டைக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, முகப்பில் சீறும் காளையை வரைந்துவைத்த ‘இடி’ என்கிற பிக்கோ, தெருவில் பாட்டுப் போடும் மெஷின், அவனுடையது. அது போடும் பாட்டுக்குத்தான் பேட்டையே ஆடும்.

“என்னடி பண்ணி வச்சிருக்க? யூலியெத் பாட்டு நடுவுல செத்துப்போச்சு! மெஷின் படுத்துடுச்சுன்னு ஜனம் விசிலடிக்குது. சத்தக் குமிழைத் திருகி ஏத்துனேன். அப்புறம் மேளம் வந்து விழுந்துச்சு பாரு, ரெண்டு ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு!”

“திருகுனது நானா, நீயா?”

“பிக்கோக்காரன் எவனா இருந்தாலும் திருகத்தான் செய்வான்! எல்லாத்தையும் ஒரே மட்டமா ஏத்திக் குடு. இல்லன்னா இந்தப் பாட்டு என் மெஷின்ல ஏறாது.”

இடியில் ஏறாத பாட்டைப் பேட்டை சீந்தாது. பாடிய யூலியெத்துக்கோ இதுதான் முதல் பாட்டு. ஆனால் மேளமெல்லாம் ஓய்ந்து, அந்தப் பெண் காதோடு சொல்வதுபோல் பாடும் இடத்தில்தான் பாட்டின் உயிரே இருந்தது. நெரெய்தா அவன் கேட்டபடி ஏற்றிப் பார்த்தாள். பாட்டு சப்பென்று போனது. எரிச்சலோடு அழித்தாள்.

வழி பிடிபட்டபோது நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். சட்டென்று இறங்குவதால்தானே மெஷின் படுத்ததாக நினைக்கிறார்கள்! முந்தைய சரணத்திலிருந்தே, யாருக்கும் தெரியாமல், துளித்துளியாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள். மெல்லிய இடத்தில், மெஷின் ஓடுகிறது என்று தெரிய, பின்னணியில் கிலுகிலுப்பையின் சரசரப்பு காதில் படும் அளவுக்கு மட்டும் லேசாகத் தூக்கினாள். மேளத்தை அவள் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவை அடைத்து ஆட்டம். பியரும் முட்டை வைத்துப் பொரித்த அரேப்பா ரொட்டியும் பறந்துகொண்டிருந்தன.

“இன்னொரு ஸ்பீக்கர் போச்சுன்னா, உன் தங்கச்சி கடையில இருக்கிற நாற்காலியெல்லாம் என் வீட்டுக்கு வந்துடும்” என்று பக்கத்தில் நின்ற நெரெய்தாவிடம் சொல்லிவிட்டு, அவள் மாற்றித் தந்த பாட்டை ஓஸ்வால்தோ போட்டான்.

கூட்டம் ஆடியது. பாட்டு மெல்ல இறங்கியது. கால்களும் அதோடு இறங்கின. மேளம் ஓய்ந்து யூலியெத் முணுமுணுத்தபோது எங்கோ ஒருவன் விசிலடித்தான். போச்சு, எல்லாம் போச்சு! தன்னையறியாமல் நெரெய்தாவின் கையே சத்தக் குமிழுக்குப் போனது.

அந்தக் கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

“கையை எடுடி! பாட்டு ஓடுது, கேக்கல?” என்றான் ஓஸ்வால்தோ, அடித்தொண்டையில்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். விசிலடித்தவனின் வாயைப் பக்கத்துப் பெண் பொத்திக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க ஜனம் மூச்சடக்கிக் கேட்டது. அடுத்த நொடி மேளம் விழுந்தது. தெருவே எகிறியது. நெரெய்தா கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அப்படியொரு சத்தம், அப்படியொரு சந்தோஷம்!

“இன்னொரு வாட்டி!” என்று கூட்டம் கூச்சலிட்டது. ஓஸ்வால்தோ பாட்டைப் பின்னால் தள்ளினான், மேளத்துக்கு அல்ல, யூலியெத் முணுமுணுக்கும் இடத்துக்கு.