அட்டைக் கணக்கும் ஏலப்பூவும்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையில் ஒரு பெரிய சங்கடம், எப்போது படிப்பு நடக்கிறது, எப்போது விளையாட்டு நடக்கிறது என்று வாத்தியாருக்கே தெரியாது. அந்தப் பாடு பட்ட தாய்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காலை ஜீப்பு

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே சூப்பர்வைசர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆறு வயது செல்வியும் நாலு வயது முத்துவும் என்னிடம்தான் படித்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு காலையில், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். செல்வியைத் தன் வீட்டில் வைத்துப் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். அண்ணன் பேச்சைத் தட்டுகிற ஆளில்லை என் வீட்டுக்காரர். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சாயந்தரம் ஜீப்பு மலை எறங்கையில பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன், துணிமணிய எடுத்து வையி தாயி."

கண்ணாடியில் எழுத்து

பிள்ளைகள் எழுதிய நோட்டைக் கேட்டார். நோட்டு ஏது? மழைக்காலத்தில் எங்கள் கரும்பலகை ஜன்னல் கண்ணாடிதான். வாயால் ஊதி, ஆவி படிந்ததும் விரலால் எழுதுவார்கள். செல்வி அவர் பெயரை எழுதினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பாதிப் பெயர் காணாமல் போயிருந்தது. என் பிள்ளைகள் வேகமாக வாசிக்கப் பழகியதே இதனால்தான். முத்துவுக்குப் பொறுக்கவில்லை. "வெரசாப் படிங்க பெரியப்பா, மெதுவாப் படிச்சா அழிஞ்சிரும்."

வாய்ப்பாடு

அடுத்து இரண்டாம் வாய்ப்பாடு கேட்டார். செல்வி முழித்தாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோட்டத்தைச் சுற்றிவரப் போனார்.

திரும்பி வந்து வேட்டியைத் தூக்கினால் காலெல்லாம் ரத்தம் உறிஞ்சும் அட்டை! போடியில் எவனுக்கும் அஞ்சாத மனிதர் ஐயோ ஐயோ என்று குதித்தார். பிள்ளைகளுக்கோ ஏகக் கொண்டாட்டம். தினமும் அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் அவர் காலில் அட்டை எண்ணுவதுதானே கணக்குப் பாடம்! வலது காலில் ஏழு, இடது காலில் ஐந்து, மொத்தம் பன்னிரண்டு என்றாள் செல்வி. முத்து உப்பு வைக்க வைக்க, விழுந்ததைக் கழித்து மிச்சத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தடுமாற்றம் கிடையாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு அவர்மேல்தான் கோபம். "ஆடாம நில்லுங்க பெரியப்பா, கணக்கு தப்பிப் போகும்."

குப்புறப் படுத்த பாடம்

மதியம் மழை விட்டதும் பெரியப்பாவை ஏலச்செடிக்கு இழுத்துப் போனார்கள். ஏலப்பூ உச்சியில் பூக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் பூக்கும். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றார். படுத்துப் பார்க்கச் சொன்னாள் செல்வி. வெள்ளை வேட்டியோடு சேற்றில் படுத்தேவிட்டார் மனிதர்!

வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடுகள். கோடு எதற்கு என்று அவரே கேட்டார். தேனீ அந்தக் கோட்டோடு போய்த்தான் உள்ளே நுழைகிறது என்றாள் செல்வி. நாலைந்து நாளாகப் படுத்துக் கிடந்து அவளாகவே கண்டுபிடித்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. அவர் வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து செல்வியின் தலையைத் தடவினார். "இத்தன வருசமா ஏலக்கா மூடையத்தான் பாத்திருக்கேன், பூவப் பாக்கலையே ஆத்தா."

சாயந்தர ஜீப்பு

ஹாரன் சத்தம் கேட்டது. செல்வியின் துணிப்பையை வாசலில் கொண்டுவந்து வைத்தேன். கண் கலங்கிவிட்டது. பையைத் தூக்கியவர், தன் வேட்டிச் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த செல்வியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை என் கையிலேயே கொடுத்துவிட்டு, தனியாக ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். கூடவே பாய் தலையணையோடு அவருடைய கடைக்குட்டிப் பயல். பள்ளிக்கூடம் என்றாலே அழுது புரள்கிறவன். அவனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உன் பிள்ளைகளுக்கு மாதிரியே இவனுக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்காம வச்சிரு தாயி."

அன்று முதல் எங்கள் வீட்டில் வாத்தியார்கள் மூன்று பேர், சோறு பொங்கிப் போட்டுவிட்டுப் பாடம் கேட்க நான் ஒருத்தி.