முன்வரிசையில் மாமனார்

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் உறுவையாறு மனமகிழ் மன்றத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் மட்டும் நாற்காலிக்கு அடியில் ஓர் ஆள் பதுங்க இடம் இருக்குமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு கேரம் போர்டு, பின்னால் கொஞ்சம் திடல். அவ்வளவுதான். ஆனால் ஆண்டு விழா வந்தால் எங்கள் பையன்களுக்கு எங்கிருந்தோ ஒரு வீராப்பு வந்துவிடும். பக்கத்து ஊரில் பாட்டுக் கச்சேரி வைத்தார்களா? அப்படியானால் நமக்கு வேறு ஏதாவது வேண்டும். இந்த வருஷம் பாண்டியிலிருந்து பலகுரல் பலராமனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தனி ஆள். வேஷம் இல்லை, பாட்டு இல்லை, கூட நடிக்க ஒருத்தர் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார். ஜனங்கள் சிரிக்க வேண்டும். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பயங்கரமான பிழைப்பு... சிரிக்காவிட்டால் மனிதர் எங்கே போவார்?

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் முன்னாலேயே போய்விடுவார். யார் எப்படி நடப்பார், யார் எதற்குக் கோபப்படுவார் என்று விசாரிப்பார். அதை மேடையில் பேர் சொல்லாமல் செய்து காட்டுவார். பேரை ஜனங்களே சொல்லிக்கொள்வார்கள்.

பஸ்ஸில் வந்து இறங்கியவரை டீக்கடைக்கு அழைத்துப்போகும் வேலையை மன்றச் செயலாளர் செல்வராசு என் தலையில் கட்டினான். "நீதான் வாராவாரம் பத்திரிகைல எங்க மானத்த வாங்குறியே. நீயே சொல்லுப்பா அவருக்கு" என்றான்.

என்னிடமா சொல்ல வேண்டும்? ரேஷன் கடைக்காரர் எடை போடும்போது, முள் அசைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வதைச் சொன்னேன். போஸ்ட்மேன் நாய்க்குப் பயந்து தெருமுனையிலேயே நின்று பேர் சொல்லிக் கூவுவதைச் சொன்னேன். பலராமன் டீயைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பேச்சைக் கேட்டு ஒருவர் டீயை ஆறவிட்டால் நமக்கு என்ன ஆகும்? தலைகால் புரியாது. இதெல்லாம் என்னங்க, எங்கள் மாமனாரைப் பார்க்க வேண்டும் நீங்கள் — என்று ஆரம்பித்துவிட்டேன்.

மாமனார் சவரிமுத்து, வில்லியனூர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா. அவர்கள் மாதா கோயில் குடும்பம், நாங்கள் அம்மன் கோயில். அவர் மகள் ரெஜினாவை மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி ஆபீஸில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேத்தி பிறந்த பிறகு மகளோடு மட்டும் அளந்து பேசுவார். எங்கள் வாசலை மிதித்ததில்லை. ரெஜினா மாதாவிடம் அதைத் தவிர வேறெதுவும் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஞாயிறு பூசை முடிந்து அவர் மீன் மார்க்கெட்டுக்கு வரும் அழகை நான் தூர நின்று பார்ப்பதுண்டு. சித்திரை வெயிலிலும் கோட்டு. கோட்டில் மெடல். கூறு கட்டி வைத்த மீனுக்கு முன்னால் விறைப்பாக நிற்பார். அணிவகுப்பைப் பார்வையிடும் அதிகாரி மாதிரி மீன் மீனாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். சந்தேகம் வந்தால் நின்று, செவுளைத் தூக்கிப் பார்ப்பார். தேறாவிட்டால் மீன்காரம்மாவைத் திட்டமாட்டார். மீனைத் திட்டுவார் — பிரெஞ்சில்.

டீக்கடையிலேயே எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். பலராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க வைக்கிறவரையே சிரிக்க வைத்துவிட்டேன்! எனக்குக் கால் தரையில் இல்லை.

இருட்டுகிற நேரத்துக்குத் திடல் நிரம்பிவிட்டது. ரெஜினா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இன்னாங்க, உங்களுக்குச் சொல்லல. அப்பா வந்துருக்காரு. காமெடி பாத்துட்டு நம்ம வூட்லதான் சாப்பாடு. சரின்னுட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். முன்வரிசை. இரும்பு நாற்காலி. கோட்டு. மெடல்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். பலராமன் ஏற்கெனவே மைக்குக்கு முன்னால் போய்விட்டிருந்தார். ஓரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பார்த்தார். "அங்க ஒரு அண்ணனுக்குக் கொசு தொல்ல தாங்கல போலருக்கு" என்றார். திடல் சிரித்தது. மெடலைக் குறிப்பதற்காக நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "என்மேல அவ்ளோ பாசம்பா அவருக்கு" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

ஒரு பத்திரிகைக்காரனுக்கு வாரா வாரம் எழுதத் தெரிந்து என்ன பிரயோஜனம்? கோட்டு என்பதைக் கையால் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்தால் ரெஜினா எனக்காக ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில். உட்கார்ந்தேன். மாமனார் திரும்பவில்லை. ரேஷன் கடை வந்தது, ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் மீசைகூட அசையவில்லை. போஸ்ட்மேன் வந்தார். அசையவில்லை. ஒருவேளை பலராமன் மறந்திருப்பாரோ? நேரம் போதாமல் விட்டுவிடுவாரோ? எங்கள் அம்மனையும் அவர்கள் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

"சில பேரு மீன் வாங்குவாங்க. சில பேரு மீனுக்குப் பரேடு வைப்பாங்க" என்றார் பலராமன்.

விறைப்பாக நடந்தார். நின்றார். செவுளைத் தூக்கினார். இல்லாத மீனைப் பார்த்து பிரெஞ்சு மாதிரி ஏதோ திட்டினார். வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போகாதவர் எங்கள் ஊரில் யார்? மொத்தத் திடலும் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இதே நடிப்பை வீட்டில் அவளுக்கு எத்தனை தடவை காட்டியிருக்கிறேன்... அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்து வெளிச்சம் போயே போய்விட்டது.

மாமனார் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி நேராக உட்கார்ந்திருந்தார்.

சரி, யார் சொல்லிக்கொடுத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நம் ஊர்களில் நன்றியுரை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். பந்தல் போட்டவர், மைக் செட் வைத்தவர், பெஞ்சு கொடுத்தவர் — யாரையும் விடாமல் நன்றி சொன்ன செல்வராசு, கடைசியில் குரலை உயர்த்தினான். நாம் இன்று சிரித்த சிரிப்புக்கெல்லாம் விஷயத்தை ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தவர் என்று சொல்லி, என் பேரைச் சொல்லி, மேடைக்கு அழைத்தான். துண்டு போர்த்த வேண்டுமாம்.

போனேன். வேறென்ன செய்ய? கைதட்டினார்கள். ரேஷன் கடைக்காரர் கை தட்டவில்லை. போஸ்ட்மேன் என்னையே பார்த்தார். கழுத்தில் விழுந்த துண்டு தூக்குக் கயிறு மாதிரி இருந்தது.

இறங்கி வரும்போது மாமனார் எழுந்துவிட்டிருந்தார். ரெஜினா அவர் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, நேராக என்னிடம் வந்தார். அவ்வளவு கிட்டத்தில் அந்த மீசையை நான் பார்த்ததே இல்லை.

"அந்த ஆளு எடது கையால செவுளத் தூக்கறான்" என்றார். "நான் எப்பவும் வலது கை."

"நான் வலதுன்னுதான் காட்டுனேன், மாமா."

"ம்."

துண்டைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"என் தம்பியப் பத்தி அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா, மாப்ள?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இன்னா நீ... அவன வுட்டுட்டியே. நட வூட்டுக்கு. சாப்டுகினே சொல்றேன்."

ரெஜினா எங்களைத் தாண்டி வேகவேகமாக முன்னால் நடந்தாள். சோறு வடிக்கப் போகிறாளா, கண்ணைத் துடைக்கப் போகிறாளா தெரியவில்லை. மாமனார் எங்கள் வாசலை மிதித்தார். சாப்பிட்டார். கை காய்ந்த பிறகும் தம்பியின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பலராமனுக்கு மூன்று ஆண்டு விழாவுக்குத் தாங்கும்.

ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததை ஒரு மனிதர் மன்னிக்க வேண்டுமா? அடுத்து யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அவரிடமே யோசனை கேளுங்கள். அந்த நிமிஷமே நம் கட்சிக்கு வந்துவிடுவார்.

ஒரே ஒரு கவலைதான்... அந்தத் தம்பி இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறாராம்.