மொய் வைக்க வந்த முதலாளி

மடியில் குழந்தை, எதிரில் முதலாளி. நான் சொல்லப்போவது பச்சைப் பொய்!

நடந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கடைசித் தேர்தலில். (ஆமாம், எனக்கு அவ்வளவு வயசு! போனில் தட்டக் கற்றுக்கொடுத்தது பேத்தி.)

அப்போது அரியலூர் - பெரம்பலூர் கரி பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காத காலம், அடுப்புக்கரியில்தான் பஸ் ஓடியது. (ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் காசு மட்டும் குறையாது!)

சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்த ஒரு கதர்ச்சட்டைக்காரர் தேர்தலில் நின்றார். எங்கள் ஷெட் முழுக்க அவர் பக்கம். முதலாளியோ எதிரே நின்ற மிராசுதார் பக்கம். கதர்காரரின் தேர்தல் செலவுக்கு நாங்கள் காசு சேர்ப்பது காதில் விழுந்ததும் கத்தினார்.

"கதர்காரனுக்கு எவனாவது தம்பிடி குடுத்தான்னு தெரிஞ்சுது, மறுநாளு ஷெட்டுப் பக்கமே வரப்புடாது!"

சொத்தோ படிப்போ இருந்தால்தான் அப்போது ஓட்டு. எங்களுக்கு ஓட்டும் கிடையாது, இப்போது காசும் கொடுக்கக் கூடாதாம். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது!

வழி சொன்னவர் மெக்கானிக் மாணிக்கம் அண்ணன்.

"எம் பொண்ணுக்குக் காதுகுத்துன்னு சொல்லிடுவோம்டா. எல்லாரும் வந்து மொய் வைங்க. அப்படியே கட்சிக்குக் குடுத்துடலாம். மொய்ய யாரு கேள்வி கேக்குறது?"

"அண்ணே, பாப்பாவுக்குத்தான் போன தையிலயே குத்தியாச்சே!"

"அது மொதலாளிக்கா தெரியப்போவுது?"

குன்னத்தில் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டாச்சு. நிஜத் தாய்மாமன் மலேயாவில் இருந்ததால் அந்த வேஷம் எனக்கு! பாப்பா தலையில் காதை மறைத்து ஒரு குல்லா. மொய்த்தட்டுக்குப் பக்கத்தில், காசை வாங்கிப் போகக் கதர்ச்சட்டைக்காரரின் மச்சினர்.

டிரைவர், கிளீனர், கரி அள்ளுகிறவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. தட்டு நிறைய நிறைய எங்களுக்குத் தலைகால் புரியவில்லை!

அப்போதுதான் முதலாளியின் பிளஷர் கார் வந்து நின்றது.

"என்னடா மாணிக்கம், எனக்குச் சொல்லாம விசேஷமா?"

வந்தவர் சும்மா இருந்தாரா? ஆசையாகப் பாப்பாவின் குல்லாவைக் கழற்றினார்.

இரண்டு காதிலும் கம்மல் பளபளவென்று ஆடியது! (அதைக் கழற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை!)

"இது... ரெண்டாவது வாட்டி குத்துறதுங்க மொதலாளி. வேண்டுதல்!" என்று உளறினேன்.

முதலாளி கம்மலைப் பார்த்தார். ஷெட்டே கூடி நிற்பதைப் பார்த்தார். தட்டுக்குப் பக்கத்தில் மச்சினரின் கதர்ச்சட்டையையும் பார்த்துவிட்டார். மாணிக்கம் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நாலு பிள்ளைகள், வேறு வருமானம் கிடையாது. அவர் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

முதலாளி மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டார். எங்கள் சம்பளத்தில் ஒருத்தரும் பார்த்திராத பெரிய நோட்டு. தட்டில் வைத்தார்!

பிறகு மச்சினர் காதோரம் குனிந்தார்.

"மொய்யின்னா திருப்பிச் செய்யணும் தம்பி. ஒங்க ஆளு ஜெயிச்சா, ஜெயங்கொண்டத்துக்கு ஒரு பஸ் பர்மிட்டு. மறந்துடாதீங்க."

எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னடா முழிக்கிறீங்க? சோத்தைப் போடுங்க, பசிக்குது!"

வேலை தப்பியது! மாணிக்கம் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

கதர்ச்சட்டைக்காரர் ஜெயித்தார்! மாலை வாங்கிக்கொண்டு ஷெட்டே கூடி அவர் வீட்டுக்கு ஓடினோம். அங்கே எங்களுக்கு முன்னால் ஆளுயர மாலையோடு நிற்கிறார் முதலாளி!

"எங்க கம்பெனி ஆரம்பத்துலேர்ந்தே ஒங்க பக்கந்தானுங்களே!"

உங்கள் முதலாளி எப்படி?