இருட்டில் என் கண் எதைப் பார்த்தது?

எனக்குப் பேயிலும் நம்பிக்கை கிடையாது, டாக்டரிடமும் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம்புகிறவன் சொன்னால் ஏதோ பிரமை என்று தள்ளிவிடலாம். நான் நாற்பத்தொரு வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன். என் கண்ணையே நம்பிச் சுவர் கட்டியதில்லை. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வரி செங்கல் வைப்பேன். இது நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, ஆஸ்பத்திரியில், வெளியே ஜனங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போது.

என் தலைச்சுற்றலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் படுக்கையில் புரண்டு படுத்தேன். அவ்வளவுதான். கலவை எந்திரத்துக்குள் என்னைப் போட்டுச் சுழற்றிவிட்டது மாதிரி கூரையும் ஜன்னலும் சுற்றின. குடல் வாய்க்கு வந்தது. அதிலிருந்து எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் இரண்டாம் மாடிச் சாரத்தில் வந்துவிட்டது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே இருந்து மேஸ்திரி கத்தினார். "என்னய்யா, காலையிலேயே ஏத்திக்கிட்டியா?"

நான் பீடிகூடத் தொடாதவன். ஆனால் தள்ளாடுகிறவனை உலகம் வேறு எப்படிப் பார்க்கும்? அன்றைக்கே வேலை போனது. ஒரு வாரத்தில் எனக்கு 'மிதப்பு' என்று பட்டப்பெயர் வந்தது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்றுமில்லாமல் என்னை ஒட்டி உட்கார்ந்து பேசினார். பேச்சு சாக்கு, என் வாயை மோந்து பார்க்கத்தான். எனக்குத் தெரியாதா?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். இது இன்ன நோய், குடி இல்லை என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம்.

முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாமவர் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று பட்டை மாட்டிவிட்டார். நாலு மாதம் ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாமவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "வயசாச்சுல்ல?" என்றார். "உங்களுக்கும்தான் ஆச்சு. நீங்க சுத்துறீங்களா?" என்று கேட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். நாலாமவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று விசாரித்து மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

"ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துடலாமேப்பா," என்றாள் மகள்.

"போனா குடிகாரன்ங்கிற பேரு போயி பைத்தியக்காரன்னு ஆகும். ரெண்டுல எது தேவலைன்னு நீயே சொல்லு பாப்பா."

அவள் அழுதாள். பிறகு எங்கெங்கோ விசாரித்து ஒரு காது டாக்டரைப் பிடித்தாள். அவர்தான் முதல் முதலாக என்னை முழுசாகப் பேசவிட்டார். "காதுல தண்ணி விட்டு ஒரு சோதனை இருக்கு. பொய் சொல்லாத சோதனை," என்றார்.

சோதனை அறை தாழ்வாரத்தின் கடைசியில். ஜன்னலில் கறுப்புத் துணி. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், தண்ணீர் விடும் எந்திரம். சோதனை செய்யும் பெண் ஒருத்திதான் உள்ளே. மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் நீச்சல்காரர்கள் மாட்டுவது போல ஒரு பெரிய கண்ணாடியை என் முகத்தில் இறுக்கினாள். உள்ளே கேமரா. முன்னால் கறுப்பு மூடி. "சுத்தல் வந்தா கண்ணு துடிக்கும் ஐயா. அதை இது படம் புடிக்கும். இருட்டாத்தான் இருக்கும், கண்ணை மூடிடாதீங்க. சும்மா ஏதாவது எண்ணிக்கிட்டிருங்க."

மூடியைப் போட்டாள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எனக்கே தெரியாத இருட்டு. செங்கல் வரி எண்ண ஆரம்பித்தேன்.

4.08. வலது காதில் சுடுதண்ணீர். கட்டில் சுழன்றது. 4.17. அதே காதில் குளிர்ந்த தண்ணீர். எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. 4.26. இடது காதில் சுடுதண்ணீர். ஒன்றுமே இல்லை. இந்த நேரமெல்லாம் நான் பிறகு படத்தில் பார்த்தது.

4.35. இடது காதில் குளிர்ந்த தண்ணீர். அதற்கும் ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக எல்லாம் அப்படியே நின்றது. அப்படி ஒரு அசைவில்லாத நிலையை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்...

தரையில் மணல் சிந்தியிருக்கும்போது அதன்மேல் நடந்தால் வருமே, அந்தச் சத்தம். கால்மாட்டில் ஆரம்பித்தது. வலது பக்கமாக வந்தது. திரும்பிப் போனது. இடது பக்கமாக வந்தது.

"நடக்காதீங்கம்மா. எண்ணிக்கை தப்புது."

"நான் உக்காந்துதானே இருக்கேன்?" குரல் தலைமாட்டுப் பக்கம், கம்ப்யூட்டர் இருந்த இடத்திலிருந்து வந்தது.

சரக்... சரக்...

"ஐயா, கண்ணை இப்படி ஓட்டாதீங்க. எதையோ பாக்குற மாதிரி பாக்குறீங்க."

"இருட்டுல எதைம்மா பாக்குறது?"

சத்தம் என் நெஞ்சுக்கு நேராக வந்தது.

நின்றது.

மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் கண் வலித்தது. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு இழுப்பு இருக்குமே... அது.

"போதும் ஐயா." அவள் எழுந்து வந்தாள். "எடுத்துடுறேன்."

வெளிச்சம். அறையில் அவளும் நானும்தான். தரை கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. பொட்டு மணல்கூட இல்லை.

மூன்று நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"இடது காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு வேலை செய்யலை பெரியவரே. அதான் சுத்துது. பயிற்சி இருக்கு, சொல்லித் தர்றேன். குடியும் இல்ல, மனசும் இல்ல." காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று நினைத்தேன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். என் புத்தி விடவில்லை.

"படத்தைக் காட்டுங்க."

"அது உங்களுக்குப் புரியாது."

"நான் கட்டின சுவரைக் கொத்தனாருங்க மட்டுமா வந்து பாத்தாங்க? காட்டுங்க."

அவர் மகளைப் பார்த்தார். மனசில்லாமல்தான் திருப்பிக் காட்டினார்.

திரை முழுக்க என் இரண்டு கண். சுடுதண்ணீர் விட்டபோது வெட்டி வெட்டித் துடித்தன. 4.36-க்கு வந்ததும் துடிப்பு இல்லை. கருவிழி இரண்டும் வழுக்கிக்கொண்டு வலதுபக்கம் போயின. மெதுவாகத் திரும்பின. இடதுபக்கம் போயின.

"தலைச்சுத்துல கண்ணு இப்படிப் போகாது," என்றார் டாக்டர். "இவ்வளவு வழவழன்னு போகணும்னா எதிர்ல ஒண்ணு நகரணும். அதைப் பாத்துக்கிட்டே போகணும். இருட்டுல வேணும்னு செஞ்சாலும் யாருக்கும் இந்த மாதிரி வராது."

4.38. கருவிழிகள் நடுவுக்கு வந்தன. பிறகு இரண்டும் மூக்கை நோக்கி... மெதுவாக... ஒன்றையொன்று நெருங்கின.

"இது எப்ப ஆகும்?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கிட்ட வர்றதைப் பாத்தா ஆகும்."

"எவ்வளவு கிட்ட?"

டாக்டர் தன் விரலைத் தன் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு அளவு கண்ணிலேயே நிற்கும். இரண்டு விரல்கடை.

அந்தக் கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது. எடுத்துக் கண்ணில் வைத்து மூடி வரைக்கும் அளந்து பார்த்தேன்.

மூன்று விரல்கடை. அது மூடிக்கும் இந்தப் பக்கம்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "இதையும் எழுதட்டுமா? எழுதினா நாலு பேரு கேள்வி கேப்பாங்க."

மூன்று வருடம், எனக்கு நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று ஒவ்வொரு டாக்டரிடமும் சண்டை போட்டவன் நான்.

"வேண்டாம்," என்றேன்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றியது 4.40. படம் அங்கே முடிகிறது. கடைசி நொடி வரை நின்று பார்த்தேன்.

ஒன்றையொன்று நெருங்கிய என் கண் இரண்டும் விலகவே இல்லை.