எனக்கு விழுந்த இரண்டு ஓட்டு

எனக்கு மொத்தம் இரண்டு ஓட்டு விழுந்தது. ஒன்று நான் போட்டது.

கொடைக்கானல் ஒன்றிய அலுவலகத்தில் ஓட்டு எண்ணி அறிவித்தபோது அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கிளாவரை பஸ்ஸில் திரும்பும்போது அது அடங்கிவிட்டது. என் பக்கத்தில் இடம் இருந்தும் எங்கள் ஊர்க்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்கள்.

எங்கள் ஊரில் வார்டு உறுப்பினரை ஓட்டுப்பெட்டி தேர்ந்தெடுப்பதில்லை. அம்மன் கோவில் முன்னால் ஆண்கள் கூடி ஒரு பெயரைச் சொல்வார்கள். வேறு யாரும் மனுப் போட மாட்டார்கள். ஊர் இரண்டுபடக் கூடாது என்பது அவர்கள் நியாயம். அதைக் கெட்ட எண்ணம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்த முறை அது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. எந்தப் பெண் என்று முடிவெடுக்க ஒரு பெண்ணைக்கூடக் கூப்பிடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவளுக்கே விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். நேராக பஸ் ஏறிப் போய் மனுத்தாக்கல் செய்தேன். எனக்காக முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட கொழுந்தனார், மறுநாளே கோவில் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஊரோடு சேர்ந்துகொண்டார். என்னையும் வாபஸ் வாங்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

தோற்றதோடு விட்டிருக்கலாம். ஊர் என்னைத் தள்ளி வைத்தது. கடையில் நான் கேட்டது மட்டும் தீர்ந்துபோயிருக்கும். ஆள் ஏற்றிப்போகும் ஜீப் எனக்கு மட்டும் நிற்காது. கணவர் இறந்தபின் தனியாக இருந்து பழகியவள்தான் நான். ஆனால் பேச ஆளில்லாமல் இருப்பது வேறு, பேசக் கூடாத ஆளாக இருப்பது வேறு. பக்கத்து வீட்டு மதினிக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் குழம்பில் உப்புப் பார்த்தவள் அவள். அவள் இருமுவது எனக்குக் கேட்கும், நான் அழுவது அவளுக்குக் கேட்கும். வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கோழியிடம் பேச ஆரம்பித்திருந்தேன்.

அந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்பதுதான் எனக்கு நாள் முழுக்க யோசனை. எதிரில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் இவரா, இவளா என்று பார்ப்பேன். ஓட்டு ரகசியம் என்று சட்டம் வைத்திருக்கிறதே, அது என்னிடமிருந்தும் ரகசியம்தான்.

இதற்குள் பூண்டு முற்றிவிட்டது. தாள் மஞ்சளாகி, மேற்கே மழை இருட்டிக்கொண்டு நின்றது. பூண்டு பிடுங்குவதை எங்கள் பக்கம் கூலிக்குச் செய்வதில்லை, மாத்தாள் வேலைதான். இன்று என் வயலுக்கு நீ வந்தால், நாளை உன் வயலுக்கு நான். எனக்கு யாரும் வரவில்லை. ஈரத்தில் கிடந்தால் பூண்டு வெடித்து மண்ணோடு போகும். வருஷத்து உழைப்பு அது.

இரண்டு கட்சிக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். ஜென்மப் பகை கொண்ட கட்சிகள். இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: “ஒங்க பக்கம் நியாயம் இருக்குங்கக்கா. ஆனா ஒரு ஊரு ஓட்ட மொத்தமாப் பகைச்சுக்க முடியுமா, சொல்லுங்க?”

கடைசியில் கொடைக்கானல் போய் அதிகாரியிடம் மனுக் கொடுத்தேன். அவர் போலீஸ் ஜீப்போடு வந்து கோவில் முன்னால் கூட்டம் போட்டார். யாரையும் ஒதுக்கி வைப்பது குற்றம் என்றார், வழக்குப் போடுவேன் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் விடியும்போது என் வயலில் ஆட்கள் நின்றார்கள். மதினியும் இருந்தாள். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. பிடுங்கி, மண் தட்டி, தாளோடு கட்டுக் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கினார்கள். பேச்சு மட்டும் இல்லை. நான் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோனேன். ஒருவரும் தம்ளரைத் தொடவில்லை. அவ்வளவு காப்பியையும் வரப்போரம் ஊற்றிவிட்டு வந்தேன். பூண்டு பிழைத்துவிட்டது. மழை அன்று சாயங்காலமே வந்தது.

அந்த வாரம் மதினி வயலில் பூண்டு பிடுங்கினார்கள். என் வயலுக்கு வந்தவளுக்குத் திருப்பிச் செய்வதுதானே முறை? மண் கிளறும் கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் மலைச்சரிவில் மேல்தட்டு வயலில் இருந்தார்கள். மதினி மட்டும் கீழ்த்தட்டில் குனிந்திருந்தாள். நான் வரப்பில் இறங்கப் போனேன்.

“எறங்காத,” என்றாள், நிமிராமல்.

“நீ எனக்கு வந்தேல்ல மதினி. திருப்பிச் செய்யணும்ல?”

“அது ஆபீசருக்குச் செஞ்ச வேல. ஒனக்குச் செய்யல. அதுக்கு மாத்தாள் எதுக்கு? போயி ஒஞ் சோலியப் பாரு.”

சட்டம் அவர்களை என் வயலுக்குள் கொண்டுவந்துவிட்டது. என்னை அவர்கள் வயலுக்குள் கொண்டுபோக அதற்குக் கையில்லை. திரும்பப் போன என்னை மதினியின் குரல் நிறுத்தியது. பூண்டோடு பேசுகிறவள் மாதிரி மண்ணைப் பார்த்தே பேசினாள்.

“அந்த ஓட்டு நாந்தேன் போட்டேன். பொட்டிக்குள்ள யாரும் பாக்கலைல்ல, போட்டேன். இங்க எல்லாரும் பாக்குறாக. எம் மகளுக்கு இந்த ஊருலதேன் சம்பந்தம் பேசிக் கெடக்கு. போயிரு தாயி. வெரசாப் போயிரு.”

மேல்தட்டில் தலைகள் நிமிர்ந்துவிட்டன. இவ்வளவு நேரம் இவளிடம் என்ன பேச்சு என்று எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அவள் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. கொத்தைத் தோளில் போட்டேன். அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: “ஒன் வயலும் வேணாம், ஒன் ஒறவும் வேணாம். நல்லா இருப்பியா நீ?”

மேலே யாரோ சிரித்தார்கள். தலைகள் மறுபடி குனிந்தன. இந்த ஊரில் என்னை நம்பி ஓட்டுப் போட்ட ஒரே ஒருத்தியை ஊர் கேட்கத் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.