சூடு ஆறிய கால்கள்

மாமாவை நினைத்தால் முதலில் வருவது ஓர் எவர்சில்வர் டம்ளர். அக்காவின் கணவர் அவர். ஓசூரின் மார்கழிக் குளிரில் காபி குடித்து முடித்த பிறகும் அவர் வலக்கை விரல்கள் டம்ளரை விடாது. இடக்கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பார். அக்கா அதைப் பார்க்காததுபோல் அடுப்பைக் கிளறிக்கொண்டிருப்பாள். பிறவியிலேயே வந்த தசைநோய் என்று பெங்களூர் மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, தீரவும் தீராது. சும்மா இருந்தால் தசை இறுகும், அசைந்துகொண்டே இருந்தால் மெல்ல இளகும். அந்த இறுக்கமே அவர் கால்களைப் பயில்வானுடையவைபோலத் திரட்டி வைத்திருந்தது. விவரம் தெரியாதவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாமாவும் நானும் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரண்டாவது ஷெட் எழும்பிய வருஷம். ஆண்டுவிழா நெடுந்தூர ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களில் வரும் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கி, ஆலையின் ஓட்டக் குழுவில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். மாமா தற்காலிகம். நோய் தெரிந்தால் இருக்கும் வேலையும் போகும் என்பதால் யாரிடமும் சொல்லாமல் பயிற்சியைத் தொடங்கினார். விடியற்காலையில் முதல் சில அடிகளை மரக்கால் வைத்தவர்போல எடுத்து வைப்பார்.

"என்னப்பா, டீசல் வண்டி சூடாச்சா?" என்பார் கேட் வாட்ச்மேன்.

"ஆயிட்டே இருக்குதுங்ணா. தள்ளி விடறீங்களா?"

சூடாகிவிட்டால் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடிவரை நிற்காமல் போய்த் திரும்புவார்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு போட்டி. விசில் ஊதும் நொடிவரை கால்களை ஓயவிடக் கூடாது என்பதுதான் மாமாவின் ஒரே திட்டம். பந்தலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தார். மாமாவை நம்பி மற்ற செக்‌ஷன்காரர்களிடம் சவால் விட்டிருந்த எங்கள் ஃபோர்மேனுக்கு அது பொறுக்கவில்லை. "தெம்பையெல்லாம் இப்பவே தீத்துருவியா? பா, இல்லி கூத்கோ" என்று கன்னடத்தில் அதட்டி இழுத்துப்போய், மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார். எழுந்தால் அவமரியாதை, காரணம் சொன்னால் வேலை போய்விடும். சிறப்பு விருந்தினர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மாமா நாற்காலிக்கடியில் கால் கட்டைவிரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததைக் கூட்டத்திலிருந்து பார்த்தேன்.

விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். மாமா கோட்டின்மேலேயே பலகைபோலச் சாய்ந்து விழுந்தார். கூட்டம் சிரித்தது. முழங்கையை ஊன்றி எழுந்து, விறைத்த கால்களை இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகப் போனார். திரும்பும்போது ஒவ்வொருவராகத் தாண்டி நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவனின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஃபோர்மேன் உண்மையாகவே வருந்தினார். "அவ்ளோ நேரம் ரெஸ்ட் குடுத்தும் இப்டி பண்ணிட்டியேப்பா."

"ஆமாங்க சார்" என்றார் மாமா.

மாதக் கடைசியில் தற்காலிக வேலையும் முடிந்தது. இந்தத் தொண்ணூறுகளின் முடிவில் அவர் பேரிகைச் சந்தையில் தக்காளிக் கூடை சுமக்கிறார்; லாரிகள் நெரியும் ஜூஜுவாடிச் சாலையில் ஓடுவாரும் இல்லை. எனக்கு அந்த ஞாயிற்றின் மதியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வாசலில் காத்திருந்த அக்கா எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. மாமாவின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தாள். என் கையில் மடித்திருந்த பொன்னாடையைப் பார்த்தாள்.

"உக்கார வெச்சுட்டாங்களா?" என்றாள்.